நிலக்கரியிலிருந்து டீசல்: உலைக்கு முன்னால் நடக்கும் வேலை

2022இல் இலங்கையில் எரிபொருள் வரிசையில் நாள்கணக்காக நின்றவர்கள் பலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி வந்து இறங்குகிறதே, அதிலிருந்து டீசல் எடுத்தால் என்ன? கொழுந்து லொறிக்கு டீசல் தேடி அலைந்த மலையகத்தில் இந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது.

எடுக்கலாம். ஜெர்மனியரான பிரீட்ரிக் பேர்கியஸ் 1913இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1931இல் நோபல் பரிசும் பெற்றார். பிரான்ஸ் பிஷ்ஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் 1925இல் இன்னொரு வழியைக் கண்டார்கள். தென்னாபிரிக்காவின் சசோல் நிறுவனம் 1955 முதல் நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கிறது. சீனாவின் ஓர்டோஸில் ஷென்ஹுவா ஆலை 2008 கடைசியில் ஓடத் தொடங்கியது. உலையும், வேதிமாற்றத்தை விரைவாக்கும் ஊக்கியும் இன்று இரகசியமல்ல. பணத்தையும் இயந்திரத்தையும் தின்பது அதற்கு முந்தைய கட்டம். தோண்டி எடுத்த நிலக்கரியை உலை ஏற்கும் பக்குவத்துக்குக் கொண்டுவருவதில்தான் பாதிப் போர் நடக்கிறது. பக்குவம் என்ற சொல்லின் கனம் தேயிலைத் தொழிற்சாலையில் நின்றவர்களுக்குத் தெரியும். வாட்டு பிழைத்த கொழுந்தை எந்த உருட்டு மெசினாலும் நல்ல தேயிலையாக்க முடியாது.

முதலில் இரண்டு வழிகளையும் பிரித்துப் பார்த்துவிடுவோம். பேர்கியஸின் நேர்வழியில் நிலக்கரியை மாவாக அரைத்து, எண்ணெயில் கலந்து குழம்பாக்கி, ஐதரசனோடு 400 முதல் 460 பாகை செல்சியஸ் சூட்டில், 150 முதல் 300 மடங்கு வளிமண்டல அமுக்கத்தில் கரைக்கிறார்கள். நிலக்கரியில் ஒரு காபன் அணுவுக்கு ஏறத்தாழ 0.8 ஐதரசன் அணு இருக்கிறது. டீசலில் கிட்டத்தட்ட 2. அந்தக் குறையை நிரப்பத்தான் இத்தனை அமுக்கமும். பிஷ்ஷரும் டிராப்ஷும் கண்ட மறைமுக வழியில் நிலக்கரியை ஒட்சிசனும் நீராவியும் செலுத்தி வாயுவாக்குகிறார்கள். காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த அந்த வாயுவைத் துப்புரவாக்கி, இரும்பு அல்லது கோபால்ட்டு ஊக்கியின் மேல் செலுத்தி எண்ணெயாகக் கோக்கிறார்கள். எந்த வழியானாலும் ஒரு தொன் நிலக்கரிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டரை பீப்பாய்தான் கிடைக்கும். ஒரு பீப்பாய் 159 லீற்றர்.

இரண்டு வழிகளும் கேட்கும் பக்குவம் வேறு வேறு. சில இடங்களில் நேர் எதிர். ஆகவே நல்ல நிலக்கரி என்று பொதுப்படச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்த உலைக்கு என்று கேட்ட பிறகுதான் ஒரு நிலக்கரியை மதிப்பிட முடியும்.

தண்ணீர்

நிலக்கரியில் இரண்டு வகை ஈரம் உண்டு. மழையிலும் கழுவலிலும் மேலே ஒட்டிய ஈரம் லயத்துக் கூரையில் வழியும் மழைநீர் மாதிரி. வடியவிட்டால் போய்விடும், மையநீக்கச் சுழலியில் சுற்றினால் இன்னும் விரைவாகப் போகும். உள்ளீரம் நுவரெலியாப் பக்கம் சுவருக்குள் ஊறிய ஈரம் போன்றது. நிலக்கரியின் நுண்துளைகளுக்குள் பிடிபட்ட அந்த நீரைச் சூடாக்கித்தான் எடுக்க வேண்டும். நல்ல கரு நிலக்கரியில் உள்ளீரம் சில வீதம்தான். நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி நீர். அவுஸ்திரேலியாவின் லட்ரோப் பள்ளத்தாக்கில் 60 வீதத்தையும் தாண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையில் விறகு போடுகிறவர்களுக்கு நீர் என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஈர யூக்கலிப்டஸ் கட்டையை அடுப்பில் தள்ளினால் வெட்டுமுகத்தில் நீர் நுரைத்துச் சீறும்; புகைபோக்கி வெள்ளையாகப் புகையும்; டிரையருக்குள் போகும் காற்று 95 பாகையிலிருந்து இறங்கும்; தட்டிலிருக்கும் தூள் காய்வதை விட்டு வேகத் தொடங்கும். விறகின் சூடு முதலில் விறகின் தண்ணீருக்கே செலவாகிறது.

நிலக்கரியிலும் அதே கணக்கு. 50 வீத ஈரமுள்ள 100 கிலோ பழுப்பு நிலக்கரியை 10 வீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த பொருள் 50 கிலோ. கடைசியில் எடை 55.6 கிலோவாக நிற்க வேண்டும். அப்படியானால் 44.4 கிலோ நீர் வெளியேற வேண்டும். சாதாரணச் சூட்டிலிருந்து ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாயூல் தேவை. மொத்தம் 115 மெகாயூல். காய்ந்த பழுப்பு நிலக்கரியின் வெப்பம் கிலோவுக்கு 25 மெகாயூல் என்றால் கையிலிருப்பது 1,250. உலர்த்தியின் இழப்பைச் சேர்க்காமலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. நீர் கூடிய நிலக்கரியைத் தூர இடத்துக்கு ஏற்றிச் செல்லாமல் சுரங்க வாசலிலேயே ஆலை கட்டுவது இதனால்தான்.

எவ்வளவு காய வேண்டும் என்பது உலையைப் பொறுத்தது. மாவை வாயுவால் ஊதிச் செலுத்தும் உலைக்குக் கரு நிலக்கரி 2 வீதம் அளவுக்குக் காய வேண்டும். ஈரம் கூடினால் மா குழாய் வளைவுகளிலும் தொட்டியின் கூம்பிலும் ஒட்டிக் கட்டியாகி, ஊட்டம் விட்டுவிட்டு வரும். அமுக்கத்தில் எரியும் உலைக்கு இது ஆபத்து. நிலக்கரி நின்ற சில விநாடிகளிலும் ஒட்சிசன் வந்துகொண்டேயிருக்கும், சூடு பாய்ந்தேறும். நேர்வழியில் சிக்கல் வேறு. 150 பாகை எண்ணெயில் ஈர மாவைக் கொட்டினால் நீர் சட்டென ஆவியாகி, கொதிக்கும் தாச்சியில் ஈரக் கரண்டி பட்டதுபோல் குழம்பு பொங்கி வழியும். தப்பி உள்ளே போகும் நீர் உலையில் ஐதரசனின் அமுக்கத்தில் பங்கு கேட்கும்.

தண்ணீரிலேயே குழம்பாக்கிச் செலுத்தும் வாயுவாக்கி ஒன்றும் உண்டு. அதில் திண்மம் 60 முதல் 70 வீதம். உலர்த்தத் தேவையில்லை என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உள்ளீரம் மிகுந்த நிலக்கரியில் அந்த நீர் துளைக்குள் அடைபட்டிருப்பதால் குழம்பு ஓட உதவாது. எடையில் மட்டும் சேரும். ஓடும் பதம் வர மேலும் நீர் ஊற்ற வேண்டும். உலைக்குள் போகும் பாதி தண்ணீராகிவிடும். பழுப்பு நிலக்கரிக்கு இந்த உலை பொருந்தாததன் காரணம் இதுவே.

அளவுக்கு மீறி உலர்த்துவதும் பிழை. சூடான காற்றில் காயவைத்தால் நிலக்கரியின் மேற்பரப்பு ஒட்சிசனை ஏற்று முதிர்ந்துவிடும். அப்படி முதிர்ந்தது எண்ணெயில் கரைய மறுக்கும். கரைந்தாலும் அதிலேறிய ஒட்சிசன் விலைகொடுத்து வாங்கிய ஐதரசனைப் பிடித்து நீராகிவிடும். ஆகவே உலர்த்தியிலும் அரைவையிலும் காற்றுக்குப் பதில் எரிந்த புகைவாயுவையோ நைதரசனையோ சுற்றவிட்டு, ஒட்சிசனை 8 வீதம் அளவுக்குள் அடக்குகிறார்கள். வெடிப்பைத் தடுப்பதும் அதுதான்: காற்றில் மிதக்கும் நிலக்கரி மா ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். அரைவை நிறுத்தும்போதும் தொடங்கும்போதும்தான் விபத்துகள் அதிகம். மில்லுக்குள் ஊட்டம் குறைந்து மாவுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம் வெடிக்கும் எல்லையைக் கடப்பது அந்த நிமிடங்களில். காபனோரொட்சைட்டு மானி ஏறத் தொடங்கினால் உள்ளே எங்கோ கனல் பிடித்துவிட்டது என்று பொருள்.

உலர்ந்த நிலக்கரி தேயிலை மாதிரியே ஈரத்தைத் திரும்ப இழுக்கும். 3 வீதத்துக்குக் காய்ந்த தேயிலையை மழைமாதத்தில் திறந்து வைக்க யாரும் துணிவதில்லை. நிலக்கரியில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஈரம் திரும்ப ஏறும்போதே அது சூடாகும். நன்றாகக் காய்ந்த குவியலின் மேல் மழை பெய்தபின் தீப்பிடிப்பது இதனால்.

குவியல்

நுரைச்சோலையில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நிலக்கரியை இறக்கி, கொந்தளிக்கும் பருவத்துக்காகச் சேர்த்து வைக்கிறார்கள். மாதக்கணக்கில் கிடக்கும் எந்தக் குவியலுக்கும் பொருந்தும் நுட்பம் ஒன்று உண்டு. உயரத்திலிருந்து கொட்டினால் பெரிய கட்டிகள் உருண்டு அடிவாரத்துக்குப் போய்விடும்; தூள் நடுவில் நிற்கும். அடிவாரத்துக் கட்டிகளின் இடைவெளி வழியே காற்று புகைபோக்கி போல உள்ளே ஏறும். தூளைச் சூடேற்ற அது போதும். சூட்டைக் கொண்டுபோக அது போதாது. ஆகவே மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இயந்திரத்தால் அழுத்தி, பக்கங்களைச் சரிவாக மூட வேண்டும். முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். உள்ளே சூடு 60 பாகையைத் தொட்டால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் பரப்பி ஆற்றுவது முறை. தண்ணீரைப் பீய்ச்சினால் மேற்பரப்பு நனையும், கனல் உள்ளேயே நகர்ந்துவிடும். கனன்ற கரியில் பட்ட நீர் எரியும் வாயுவையும் தரும்.

எண்ணெய் எடுப்பதற்கான நிலக்கரியில் தீப்பிடிக்காமல் மெல்லச் சூடேறினாலே நட்டம்தான். கொதிகலனுக்கு அது கொஞ்சம் வெப்பக் குறைவு. நேர்வழிக்கு, மேலே சொன்னபடி, கரையாத சரக்கு.

சாம்பல்

வயலுக்கு விதைநெல் தெரிவு செய்யும்போது உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு, அந்த அடர்த்தியில் நெல்லைக் கொட்டிப் பதரை நீக்குவார்கள். நிலக்கரிக் கழுவலின் அடிப்படையும் அதுவே. தூய நிலக்கரியின் அடர்த்தி 1.3 முதல் 1.4 வரை, அதோடு வரும் களிப்பாறைக்கு 2க்கு மேல். இடைப்பட்ட அடர்த்தியுள்ள திரவம் இருந்தால் கரி மிதக்கும், கல் தாழும். உப்பு எவ்வளவு கரைத்தாலும் நீரின் அடர்த்தி 1.2ஐத் தாண்டாது. எனவே மக்னடைற்று என்ற இரும்புத்தாதைப் பவுடராக அரைத்து நீரில் கலந்து 1.4 முதல் 1.8 வரை அடர்த்தியை வைக்கிறார்கள். காந்தத்தால் அதைத் திரும்பப் பிடிக்கலாம் என்பதால்தான் அந்தத் தாது. காந்த உருளையில் தேய்மானமோ, சல்லடையில் கழுவும் நீர்க்குறைவோ வந்தால் மக்னடைற்று கரியோடு சேர்ந்து போய்விடும். தினமும் புதிதாகப் போட வேண்டிய அளவு ஏறும்போது அதை முதலில் கவனிக்க வேண்டும்.

மில்லிமீற்றருக்குக் குறைந்த தூளைச் சுருள்வடிவச் சரிவுகளில் நீரோடு ஓடவிட்டுப் பிரிப்பார்கள். அதைவிட நுண்ணியதை நுரையில் மிதக்கவிடுவார்கள்: நீரில் கலக்கி, கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல் சேர்த்துக் காற்றை ஊதினால், எண்ணெய் ஒட்டிய கரி குமிழியோடு மேலேறும், களி நீரில் நிற்கும். முதிர்ந்த நிலக்கரி இங்கேயும் காட்டிக்கொடுக்கும். அதன் மேற்பரப்பு நீரை விரும்பத் தொடங்கியிருக்கும். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் மிதக்காது.

கழுவலுக்கு ஓர் எல்லை உண்டு. கல்லும் கரியும் தனித்தனித் துண்டாக இருந்தால்தான் பிரிக்க முடியும். இந்தியாவினதும் தென்னாபிரிக்காவினதும் நிலக்கரியில் சாம்பல்தரும் கனியங்கள் கரிக்குள்ளே நுண்மையாக இழையோடியிருக்கின்றன. நுண்மையாக அரைத்தால் விடுபடும்; ஆனால் அத்தனை நுண்ணிய தூளைக் கழுவி மறுபடி காயவைக்கும் செலவு எண்ணெயின் விலையைத் தின்றுவிடும்.

நேர்வழியில் சாம்பலின் விலையை எண்ணிக் காட்டலாம். கரைசல் முடிந்ததும் எண்ணெயை வடித்தெடுத்தால் அடியில் மிஞ்சும் கழிவில் சாம்பலும் கரையாத கரியும் இருக்கும். அந்தக் கழிவு பம்பில் ஓட வேண்டும். திண்மம் பாதியைத் தாண்டினால் இறுகிவிடும். ஆகவே ஒவ்வொரு கிலோ திண்மத்தோடும் ஒரு கிலோ கன எண்ணெய் போகிறது. காய்ந்த 100 கிலோ நிலக்கரியில் சாம்பல் 5, கரையாதது 5 என்றால் 10 கிலோ எண்ணெய் நட்டம். சாம்பல் 15 ஆனால் நட்டம் 20 கிலோ. கரைய இருந்த கரியும் 10 கிலோ குறைவு. 10 வீதத்துக்கு மேல் சாம்பலுள்ள நிலக்கரியை நேர்வழி ஆலைகள் தொடத் தயங்குவதற்கு இந்த எளிய கணக்கே போதுமான காரணம். அமுக்கத்தை இறக்கும் வால்வில் அந்தச் சாம்பல் மணல்வீச்சுப் போலப் பாய்ந்து அரிக்கும் என்பது மேல்மிச்சம். அங்கே மிகக் கடினமான டங்ஸ்டன் காபைட்டு போட்டாலும் தேய்வு நிற்பதில்லை.

மறைமுக வழியில் சாம்பலின் அளவைவிட அது உருகும் சூடு முக்கியம். நிலக்கரியைக் கட்டிகளாகவே போட்டு வாயுவாக்கும் லூர்கி வகை உலையில் சாம்பல் உருகக் கூடாது. உருகினால் அடித்தட்டில் பாறையாகிக் கட்டிக்கொள்ளும். தேவைக்கு மேல் நீராவி செலுத்தி அதைக் குளிர்வாக வைத்திருக்கிறார்கள். மாவை எரிக்கும் உலையிலோ சாம்பல் 1,400 பாகைக்குள் உருகிச் சுவரில் வழிந்து வெளியேற வேண்டும், உருகாவிட்டால் அடைப்பு. உருகும் சூடு கூடிய நிலக்கரியில் சுண்ணாம்புக்கல் சேர்த்து இறக்குவார்கள். ஒரு சுரங்கத்தின் நிலக்கரியே ஓர் உலைக்கு உகந்ததாகவும் அடுத்ததற்குக் கேடாகவும் இருப்பது இப்படித்தான்.

கந்தகத்திலும் அதே முரண். பிஷ்ஷர் டிராப்ஷ் ஊக்கிக்குக் கந்தகம் நஞ்சு. வாயுவைக் குளிரூட்டிய மெதனோலில் கழுவி, நூறு கோடியில் சில பத்துப் பங்குக்குள் கொண்டுவர வேண்டும். நேர்வழியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்ததே ஊக்கி. காய்ந்த நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ 1 வீத இரும்பை வெளியிலிருந்து கந்தகத்தோடு சேர்க்கிறார்கள். நிலக்கரியிலேயே பைறைற்று என்ற இரும்புக் கந்தகக் கனியம் இருந்தால் அது துணை செய்யும்.

துகள்

லூர்கி உலைக்கு 5 முதல் 50 மில்லிமீற்றர் கட்டிகள் வேண்டும். அதற்குக் குறைந்த தூள் போனால் கட்டிகளின் இடைவெளியை அடைத்து, வாயு ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு பாயும். மற்ற இடம் எரியாமல் கிடக்கும். இயந்திரம் வெட்டும் சுரங்கத்தில் தூள் நிறைய விழும். தென்னாபிரிக்காவின் செகுண்டாவிலுள்ள சசோல் ஆலையில் அந்தத் தூளைப் பிரித்துக் கொதிகலனுக்கு அனுப்பி நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். ஆலைக்கு நீராவி எப்படியும் வேண்டும் என்பதால் கணக்குச் சரியாகிறது. அந்தச் சமநிலை இல்லாத இடத்தில் லூர்கி உலையை நிறுவினால் தூள் மலையாகக் குவியும்.

மா எரிக்கும் உலைக்கு 90 வீதம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். நேர்வழிக்கு 200 கண் சல்லடையில் இறங்கும் 75 மைக்ரோன் மா. அதை ஆலையே திருப்பி அனுப்பும் கன எண்ணெயில் 40 முதல் 50 வீதம் வரை கலக்குவார்கள். கலந்த குழம்பை நிற்கவிட்டால் மா படிந்து குழாய் அடைத்துவிடும் என்பதால் ஆலை நிற்கும்போதும் குழம்பு சுற்றிக்கொண்டேயிருக்கும். சூடேற்றும்போது இன்னொரு கண்டம்: ஏறத்தாழ 300 பாகைக்கு அண்மையில் கரி எண்ணெயைக் குடித்து உப்பி, குழம்பு களியாகத் தடிக்கும். அந்த இடத்தை வேகமாகக் கடக்காவிட்டால் சூடாக்கிக் குழாயின் உட்சுவரில் கோக் என்ற கெட்டிக் கரி படியும். பழுப்பு நிலக்கரியில் அமிலத் தொகுதிகளோடு பிணைந்த கல்சியம் உலையில் கல்சியம் காபனேற்றாகி, கேத்தலில் உப்புப் படிவதுபோல் சுவரில் கட்டும். அது கனியமாக இல்லாததால் அடர்த்திக் கழுவலில் போகாது. அமிலத்தால் கழுவ வேண்டும்.

எந்தப் பக்குவத்தாலும் திருத்த முடியாதது ஒன்று உண்டு. பழங்காலத்தில் எரிந்தோ காய்ந்தோ புதைந்த மரத்திலிருந்து வந்த கரிப்பகுதி எண்ணெயில் கரையவே கரையாது. தென்னாபிரிக்க நிலக்கரியில் அது அதிகம். வாயுவாக்கும் வழிக்கு அது தடையில்லை.

இலங்கைக்கு வந்தால், மலையகத்தின் பாறைகள் நிலத்தில் மரங்களே தோன்றாத காலத்தவை. அவற்றுக்குள் நிலக்கரி இருக்க வழியில்லை. முத்துராஜவெல சதுப்பில் முற்றா நிலக்கரி இருக்கிறது. அதை எடுப்பது அந்தச் சதுப்பை அழிப்பதாகும். இறக்குமதி செய்து எண்ணெயாக்குவதென்றால், கொதிகலனுக்காக வெப்ப அளவைப் பார்த்து வாங்கிய சரக்கு இங்கே உதவுமா என்பது சோதனை அறிக்கையில்தான் தெரியும்.

அந்த அறிக்கையை வாசிக்கும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன், எந்த நிலையில் அளந்தது என்று பார்க்க வேண்டும். வந்தபடி அளந்ததில் ஈரம் 40, சாம்பல் 6 வீதம் என்றிருந்தால் தூய சரக்குப் போலத் தோன்றும். 40 கிலோ நீரை நீக்கினால் மிஞ்சும் 60 கிலோவில் சாம்பல் 6 கிலோ, அதாவது 10 வீதம். உலைக்குப் போவது அந்த 10. மாதிரி எடுத்த இடத்தையும் கேட்க வேண்டும். குவியலின் ஓரத்தில் கையெட்டிய கட்டிகளைப் பொறுக்கினால் தூளின் சாம்பலும் உள்ளிருக்கும் ஈரமும் கணக்கில் வராது. ஓடும் பட்டியை நிறுத்தி, அதன் அகலம் முழுவதையும் இரண்டு தகட்டுக்கிடையே அடிவரை துடைத்தெடுத்து, உடனே காற்றுப் புகாத பையில் கட்டி, நாளின் பல நேரங்களில் அப்படிச் சேர்த்ததே மாதிரி.